செம்பு பாட்டிலில் எலுமிச்சை பிழியாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தில்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து, முழுக்கப் படியுங்கள்.

சில மாதங்களாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே செய்தி சுற்றிச் சுற்றி வருகிறது. இரவில் செம்பு பாட்டிலில் எலுமிச்சைத் தண்ணீர் ஊற்றி வைக்க வேண்டுமாம். காலையில் வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை, தைராய்டு, மூட்டு வலி எல்லாம் ஓடிப்போகுமாம். கடைசி வரி வழக்கம்போல: "நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல." போன மாதம் போன ஒரு வளைகாப்பில் தாம்பூலப் பைக்குள் காப்பர் பாட்டில். அதோடு கடைக்காரர் அச்சடித்த ஒரு சீட்டு: தண்ணீர், மோர், பழச்சாறு எது வேண்டுமானாலும் ஊற்றலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைக்கலாம் என்று. வந்திருந்தவர்களில் பாதிப் பேர் கர்ப்பிணிகள், கைக்குழந்தைக்காரர்கள்.

முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. அதனால்தான் கேட்கிறேன்: உங்கள் பாட்டி செம்புக் குடத்தில் என்றைக்காவது மோர் ஊற்றி வைத்தாரா? பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் ரசம் கொதிக்க விட்டாரா? மோருக்கு மண் சட்டி, குழம்புக்குக் கல்சட்டி, ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி, ரசத்துக்கு ஈயச் சொம்பு, தண்ணீருக்கு மட்டும் செம்பு என்று அவர் பிரித்து வைத்திருந்தாரே, அது அழகுக்காகவா? "களிம்பு ஏறிடும்" என்று ஒரு வார்த்தை சொல்வாரே, நினைவிருக்கிறதா? இன்றைக்குப் பாரம்பரியம் என்று விற்கிறவர்கள் பாட்டியின் பாத்திரத்தை விற்கிறார்கள். பாட்டி வைத்திருந்த விதியை விட்டுவிட்டார்கள். விதி இல்லாத அந்தப் பாத்திரம் ஆபத்தானது. என் வாதம் இவ்வளவுதான். மீதி எல்லாம் அதற்கான காரணங்கள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. கறுத்துப்போன செம்புச் சொம்பு ஒன்றை எடுங்கள். அதன் வெளிப்பக்கம் பாதி வரை மூழ்கும்படி புளிக்கரைசலில் வையுங்கள். அரை மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால், மூழ்கிய பாதி புதுக்காசு போல இருக்கும், மேல் பாதி கறுப்பாகவே இருக்கும். நடுவில் கோடு போட்டது போலத் தெரியும். இப்போது சொல்லுங்கள்: அந்தக் கறுப்பு எங்கே போனது? புளித்தண்ணீருக்குள் போனது. அந்தத் தண்ணீரை நீங்கள் குடிப்பீர்களா? மாட்டீர்கள், சாக்கடையில் கொட்டுவீர்கள். வெளியே நடந்த அதே வேலை பாட்டிலுக்குள்ளே எலுமிச்சையோடு இரவு முழுக்க நடந்தால் மட்டும் அது எப்படி மருந்தாகும்?

இந்த இடத்தில் என் மாணவர்களில் நன்றாகப் படித்தவர்கள் கை தூக்குவார்கள். ஒருவர் ஏற்கெனவே குழுவில் எழுதியும் விட்டார்: "சார், செம்பு நீர்த்த அமிலத்தோடு வினைபுரியாது, ஹைட்ரஜனை வெளியேற்றாது என்று நீங்கள்தானே சொல்லிக்கொடுத்தீர்கள்?" சரியான கேள்வி. நான் சொன்னதும் சரிதான். துத்தநாகத்தைப் போல செம்பு நீர்த்த அமிலத்தில் குமிழி விடாது. ஆனால் அதே பாடத்தின் அடுத்த பக்கத்தையும் புரட்டுங்கள். காற்றும் ஈரமும் பட்டால் செம்பின் மேல் ஆக்சைடும் கார்பனேட்டும் படியும். நாம் களிம்பு, பாசி என்று சொல்வது அதைத்தான். உலோக ஆக்சைடோடு அமிலம் சேர்ந்தால் உப்பும் நீரும் வரும். அந்த உப்பு நீரில் கரையும். பானத்தில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் மறுபடியும் புது ஆக்சைடை உண்டாக்கும், அமிலம் அதையும் கரைக்கும். மூடி வைத்த பாட்டிலுக்குள் இது இரவெல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். குமிழி வராததால் ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

எவ்வளவு புளிப்பு என்பதும் முக்கியம். நடுநிலையான தண்ணீரின் பிஎச் 7. எலுமிச்சைச் சாறு 2-ஐ ஒட்டி இருக்கும். மோர் 4.5 சுமார், காபி 5 சுமார். பிஎச் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை 10 மடங்கு கூடும் என்பதை மறந்திருக்க மாட்டீர்கள். எலுமிச்சை பிழிந்த தண்ணீர் 3-க்கு வந்தால், அது சுத்தத் தண்ணீரைவிட 10,000 மடங்கு அமிலம்.

இனி செம்பில் வைத்த தண்ணீருக்கு வருவோம். அதில் நன்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012-இல் பெங்களூரு ஆய்வாளர்கள் ஒரு நல்ல வேலை செய்தார்கள். வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகளைத் தண்ணீரில் கலந்து, செம்புப் பானையில் 16 மணி நேரம் வைத்தார்கள். பிறகு சோதித்தால் கிருமிகளை மறுபடி வளர்க்கவே முடியவில்லை. தண்ணீரில் கரைந்திருந்த செம்பு லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்கும் குறைவு. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 2 மில்லிகிராம். ஆக, வெறும் தண்ணீர் என்றால் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. குடிக்கலாம், தாராளமாக.

ஆனால் கவனியுங்கள். கிருமி ஏன் செத்தது? செம்பு கரைந்ததால்தான். நன்மையும் தீமையும் ஒரே கரைசலிலிருந்து வருகின்றன. கொஞ்சம் கரைந்தால் கிருமி சாகும், நிறையக் கரைந்தால் நமக்கே குமட்டும், வாந்தி வரும், வயிறு கலக்கும், வாயில் காசைச் சப்பியது போல ஒரு சுவை நிற்கும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இங்கே அளப்பவர் யாரும் இல்லை. சோதித்தது தண்ணீரை, அதுவும் லேசான காரத்தன்மை கொண்ட தண்ணீரை. விற்கிறவர்கள் அந்த ஆய்வைக் காட்டிவிட்டு மோருக்கும் ஜூஸுக்கும் அனுமதி கொடுத்துவிடுகிறார்கள். ஒரு கேள்விக்கு வாங்கிய மதிப்பெண்ணை இன்னொரு கேள்விக்குப் போட்டுக்கொள்வது போல இருக்கிறது.

இன்னொரு வித்தியாசத்தையும் யாரும் பேசுவதில்லை. தாத்தா குடத்தில் ஊற்றியது கிணற்றுத் தண்ணீர். பெரும்பாலும் கடினநீர், பைகார்பனேட் நிறைந்தது, அரிக்கும் குணம் குறைந்தது. நீங்கள் பாட்டிலில் ஊற்றுவது ஆர்.ஓ. தண்ணீர். உப்புகள் நீக்கப்பட்டது, பெரும்பாலும் லேசான அமிலத்தன்மை கொண்டது. இப்படிப்பட்ட தண்ணீர் உலோகத்தை அதிகம் கரைக்கும். குடமும் அகன்ற வாய் கொண்டது, தினமும் புளி போட்டு விளக்கினார்கள். பாட்டிலோ குறுகிய வாய், கை நுழையாது. உள்ளே என்ன படிந்திருக்கிறது என்று பார்த்தவர் எத்தனை பேர்?

"செம்புச் சத்து உடம்புக்கு வேண்டுமே?" வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம் போதும். எள்ளுருண்டை, கடலை, பருப்பு, கேழ்வரகு, முந்திரி எல்லாவற்றிலும் இருக்கிறது. அதற்காகப் பாட்டிலைக் கரைத்துக் குடிக்க வேண்டாம்.

"இதெல்லாம் இருந்தால் அரசாங்கம் சும்மா இருக்குமா?" அரசாங்கம் எப்போதோ சொல்லிவிட்டது, நாம்தான் படிக்கவில்லை. சரியாக ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் தயாரித்த அல்லது வைத்த உணவு உண்ணத் தகாததாகக் கருதப்படும் என்று 1955-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடுப்பு விதிகளிலேயே இருந்தது. 2011-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளிலும் அது தொடர்ந்தது. அமெரிக்காவின் மாதிரி உணவு விதித்தொகுப்பு இன்னும் நேராகச் சொல்கிறது: பிஎச் 6-க்குக் கீழே உள்ள எதுவும், அதாவது வினிகர், பழச்சாறு, ஒயின் போன்றவை, செம்பையோ பித்தளையையோ தொடக் கூடாது. அங்கே மாஸ்கோ மியூல் என்று ஒரு மதுபானம். வோட்கா, இஞ்சி பியர், எலுமிச்சைச் சாறு. அதைச் செம்புக் குவளையில் கொடுப்பதுதான் அதன் ஸ்டைல். 2017-இல் ஐயோவா மாநிலத்தின் மதுபானத் துறை மதுக்கடைகளுக்கு எச்சரிக்கை அனுப்பியது: உள்ளே எவர்சில்வரோ நிக்கலோ பூசிய குவளையில் மட்டும் கொடுங்கள் என்று. குடிகாரர்களுக்கு அங்கே கிடைத்த பாதுகாப்பு, இங்கே வளைகாப்புக்கு வந்த பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

இனி குழந்தைகள் விஷயம். என் கோபத்துக்கு உண்மையான காரணம் இதுதான்.

இந்தியக் குழந்தைகளுக்கு மட்டும் வரும் நோய் என்று பெயர் பெற்ற ஒரு கல்லீரல் சுருக்க நோய் இருந்தது. ஆறு மாதம் முதல் சில வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வரும். வயிறு உப்பும், மஞ்சள் காமாலை வரும், பெரும்பாலும் பிழைக்காது. அந்தக் குழந்தைகளின் கல்லீரலில் செம்பு குவிந்து கிடந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடியபோது, புனேயில் ஆய்வு செய்த மருத்துவர்கள் 1983-இல் ஒரு காரணத்தை முன்வைத்தார்கள்: தாய்ப்பாலுக்குப் பதிலாகச் சீக்கிரமே கொடுக்கத் தொடங்கிய மாட்டுப்பால், எருமைப்பால். அந்தப் பாலைக் காய்ச்சியதும் வைத்ததும் பூச்சில்லாத பித்தளைப் பாத்திரத்தில். பால் புளிப்பில்லையே என்று கேட்பீர்கள். பாலில் உள்ள கேசின் புரதம் செம்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வீடுகளில் பித்தளை போய் எவர்சில்வர் வந்தபின் அந்த நோய் அபூர்வமாகிவிட்டது.

நம் நாட்டில் மட்டும் நடந்ததல்ல. ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் 1900 முதல் 1974 வரை 138 பச்சைக் குழந்தைகளும் சிறு குழந்தைகளும் இதே போன்ற கல்லீரல் நோயில் இறந்தார்கள். அங்கேயும் பூச்சில்லாத செம்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பால். பாத்திரம் மாறியதும் நோய் போனது. அந்தப் பாலைக் குடித்த எல்லாக் குழந்தைக்கும் நோய் வரவில்லை என்பதும் உண்மை. சில குழந்தைகளின் உடல்வாகு, பரம்பரைக் கூறு காரணமாகச் செம்பை வெளியேற்ற முடியாமல் போயிருக்கலாம் என்று கருதினார்கள். உங்கள் குழந்தை எந்த வகை என்று உங்களுக்குத் தெரியுமா?

"நாங்கள் எல்லாம் பித்தளையில் பால் குடித்துத்தானே வளர்ந்தோம்?" என்று கேட்கும் சித்தப்பாக்களுக்கு: நீங்கள் வளர்ந்தீர்கள். வளராதவர்கள் வந்து குழுவில் பதில் எழுத முடியாது. முன்னோர்கள் எல்லாம் அறிந்தவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். விதி இருந்த வீட்டில் ஈயம் பூசினார்கள். பூச்சு தேய்ந்துபோன வீட்டில் குழந்தையைப் பறிகொடுத்தார்கள், காரணம் தெரியாமலே.

ஈயம் என்றதும் அடுத்த குழப்பம். தமிழில் நாம் ஒரே பெயரில் இரண்டு உலோகங்களை அழைக்கிறோம். ஒன்று வெள்ளீயம். பாத்திரத்துக்குப் பூசுவதும், ஈயச் சொம்பு செய்வதும் இதில்தான். இன்னொன்று காரீயம். பழைய பெயிண்ட், பேட்டரி எல்லாம் இது. இது நஞ்சு. குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவே இதற்கு இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் குடிநீர்த் தரத்தில் செம்புக்கு வேறு வழி இல்லாதபோது 1.5 மில்லிகிராம் வரை விட்டுக்கொடுக்கிறார்கள். காரீயத்துக்கு 0.01 மில்லிகிராம்தான், அதற்கு மேல் சலுகையே கிடையாது.

பத்திரிகையில் "ஈயம் மூளையைப் பாதிக்கும்" என்று படித்துவிட்டு ஒரு சாரார் நல்ல ஈயச் சொம்பைப் பரணில் போடுகிறார்கள். இன்னொரு சாரார் "பாட்டி ஈயத்தில்தானே ரசம் வைத்தார்" என்று எதையாவது வாங்கி வந்து அடுப்பில் வைக்கிறார்கள். இரண்டும் தவறு. சுத்த வெள்ளீயத்தில் ரசம் வைப்பதில் பயமில்லை. காரீயம் கலந்த சொம்பில் ரசம் வைத்தால் புளியும் தக்காளியும் அதைக் கரைத்து இறக்கும். காரீயம் வெள்ளீயத்தைவிட விலை மலிவு, நிறமும் ஏறக்குறைய ஒன்று, கலந்தால் கண்ணுக்குத் தெரியாது. புளிப்பும் காரீயமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது பழைய கதை. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஆப்பிள் சைடர் குடித்தவர்கள் கொடிய வயிற்று வலியால் துடித்தார்கள். 1767-இல் ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர், பழம் பிழியும் கருவிகளில் இருந்த காரீயமே காரணம் என்று காட்டினார்.

தெருவில் துருத்தியோடு வந்து ஈயம் பூசியவரை நினைத்துப் பாருங்கள். பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரத்தைத் தூவுவார். வெள்ளைப் புகை எழும்பும். நவச்சாரம் சிதைந்து வரும் அமிலம் ஆக்சைடைத் துடைத்துவிடும். அதன்மேல் வெள்ளீயக் கட்டியை ஒரு இழுப்பு, துணியால் ஒரு துடைப்பு. எவ்வளவு அருமையான வேதியியல்! அந்தத் தொழிலாளியை நாம் தெருவிலிருந்து அனுப்பிவிட்டோம். பித்தளை டபரா டம்ளரை மட்டும் ஃபில்டர் காபிக்காக ஆன்லைனில் வரவழைக்கிறோம். உள்ளே பூச்சு இருக்கிறதா என்று கேட்பதில்லை. மலிவான பித்தளையில் காரீயமும் கலந்திருக்கலாம் என்பதை யோசிப்பதில்லை. இறக்குமதியான சில அலுமினியம், ஹிண்டாலியம், பித்தளைப் பாத்திரங்களிலிருந்து காரீயம் உணவில் இறங்கக்கூடும் என்று 2025-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரித்தது.

இதற்கு நேர் எதிராக வீண் பயமும் ஓடுகிறது. 2024 தொடக்கத்தில் ஸ்டான்லி குவளையில் காரீயம் என்று ஒரே பரபரப்பு. அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் பாதிப் பேர் எனக்கு அதை அனுப்பினார்கள். வெற்றிட அடுக்கை மூட அடியில் வைக்கும் ஒரு பொட்டில் காரீயம் இருக்கிறது, அதன்மேல் எவர்சில்வர் மூடி இருக்கிறது, பானம் அதைத் தொடுவதே இல்லை என்று நிறுவனம் சொன்னது. அடி மூடி கழன்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள், அவ்வளவுதான். பானம் தொடாத உலோகத்துக்குப் பயந்து, அந்தக் குவளையை வைத்துவிட்டு, எலுமிச்சையைச் செம்பில் பிழிகிறோம்.

எவர்சில்வரை ஏளனம் செய்யாதீர்கள். அதில் உள்ள குரோமியம் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலமாகப் படிந்து இரும்பைக் காக்கிறது. புதுப் பாத்திரத்தில் புளிப்பை நீண்ட நேரம் கொதிக்க வைத்தால் கொஞ்சம் நிக்கலும் குரோமியமும் இறங்கும், போகப்போகக் குறையும். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் கவனித்தால் போதும்.

வீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ள:

1. செம்பில் தண்ணீர் மட்டும். சூடில்லாத தண்ணீர். இரவு ஊற்றி, காலையில் குடித்து முடித்துவிடுங்கள். நாள் கணக்கில் வைக்காதீர்கள்.

2. எலுமிச்சை, மோர், பானகம், பழச்சாறு, காபி, ரசம் எதுவும் பூச்சில்லாத செம்பிலோ பித்தளையிலோ கூடாது.

3. கைக்குழந்தையின் பாலும் தண்ணீரும் செம்பு, பித்தளைப் பக்கமே போகக் கூடாது.

4. கல்லீரல் நோய் உள்ளவர்கள், வில்சன் நோய் இருக்கும் குடும்பத்தினர் செம்புப் பாத்திரத்தையே விட்டுவிடுங்கள்.

5. புளி போட்டு விளக்கினால், உட்புறத்தை நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள்.

6. ஈயச் சொம்பு வாங்கினால் சுத்த வெள்ளீயம் என்பதற்குச் சோதனைச் சான்று கேளுங்கள். தர மறுக்கும் கடையில் வாங்காதீர்கள்.

பழைய சொம்பு இருக்கிறது என்பவர்களுக்கு ஆர்க்கிமிடீஸ் பாடம். முதலில் சொம்பை எடை போடுங்கள். பிறகு வாளித் தண்ணீரைச் சமையலறை டிஜிட்டல் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். சொம்பை நூலில் கட்டி, காற்றுக் குமிழி இல்லாமல், அடியையும் ஓரத்தையும் தொடாமல் முழுக்க மூழ்கவிட்டுப் பிடியுங்கள். தராசு காட்டும் கிராம்தான் சொம்பின் கன அளவு, மில்லிலிட்டரில். எடையை அதால் வகுங்கள். சுத்த வெள்ளீயம் என்றால் 7.3 வரும். 8.5 வந்தால் பத்தில் நான்கு பங்கு காரீயம் இருக்கலாம், அந்தச் சொம்பில் ரசம் வைக்காதீர்கள். ஆனால் 7.3 வந்துவிட்டது என்று நிம்மதி அடையாதீர்கள். நூற்றில் ஒரு பங்கு காரீயத்தை இந்தக் கணக்கு காட்டாது, ஆய்வகம்தான் காட்டும்.

கடைசியாக, அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்களுக்கு. நல்ல எண்ணத்தில்தான் பகிர்ந்தீர்கள், தெரியும். ஆனால் அதைப் பார்த்த ஐம்பது பேரில் ஒரு வீட்டில் குழந்தை இருக்கும். குழுவில் அதை அழித்துவிட்டு, அந்த இடத்தில் மேலே உள்ள ஆறு வரிகளைப் போடுங்கள். தாம்பூலத்தில் பாட்டில் கொடுத்தவர்கள், வாங்கிப் போனவர்களுக்கு ஒரு போன் போட்டு "தண்ணீர் மட்டும்" என்று சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

கீழே கும்பிடு எமோஜி போட்டுவிட்டுப் போகாதீர்கள். வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் செம்பு பாட்டிலைத் திறந்து, உள்ளே செல்போன் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பா, கறுப்பா, பச்சையா? என்ன நிறம் என்று கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பச்சை என்று எழுதுகிறவர்களை நானே போனில் அழைப்பேன்.